எழுதியதையே எத்தனை முறை எழுதுவது?

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு, பெங்களூரு மாரத்தஹள்ளியில் என் வீட்டில் உட்கார்ந்து, சரக்குக் கிடங்கில் வரவு பதியும் ஒரே திரையை மூன்றாவது முறையாக எழுதிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு கட்டங்கள், ஒரு 'சேமி' பொத்தான். 2014இல் முதன்முதலாக எழுதியபோது அதில் இருந்ததுதான் இன்றும் இருக்கிறது. வயிறு எரிகிறது.

முதல் மாற்றத்தை நான் குறை சொல்ல மாட்டேன். இணையத் திரைகளை எழுத உதவும் ஆங்குலர் ஜேஎஸ் என்ற ஃப்ரேம்வொர்க்கில், அதாவது ஆயத்த நிரல் சட்டகத்தில், எழுதியிருந்தோம். 2016இல் வந்த ஆங்குலர் 2 அதன் தொடர்ச்சியாக இல்லாமல் அடியோடு புதிதாக இருந்தது, பழையதற்கான ஆதரவும் 2021 டிசம்பரோடு நின்றுபோனது. வேறு வழியின்றி, அதே வேலைக்கான ரியாக்டுக்கு மாறினோம். இப்போதைய மாற்றத்துக்கு என்ன காரணம்? ரியாக்டில் 2019இல் ஹூக்ஸ் என்ற புதிய எழுதும் முறை வந்தபோதுகூட, பழைய கிளாஸ் முறையை நீக்கும் திட்டமில்லை என்று அதை உருவாக்கியவர்களே எழுதி வைத்தார்கள். எங்கள் நிரலும் ஒழுங்காக ஓடிக்கொண்டுதான் இருந்தது. எந்தத் தொழில்நுட்பத்தில் எழுதுவது என்று முடிவுசெய்யும் ஆர்கிடெக்டாகப் புதிதாக வந்த ஒருவர், கூட்ட அறையில் நாற்பது நிமிடம் ஸ்லைடு போட்டுக் காட்டி, "இதிலேயே இருந்தால் வேலைக்கு ஆள் கிடைக்காது" என்று சொல்லி, அப்போதுதான் பேசப்படத் தொடங்கியிருந்த ஒரு ஃப்ரேம்வொர்க்கைத் தேர்ந்தெடுத்தார். பதினான்காம் மாதம் அதையே தன் ரெஸ்யூமின் முதல் வரியாக்கிக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார்.

அவர் தேர்ந்தெடுத்ததைச் சுமப்பது நானும், கல்லூரி முடித்து ஓராண்டுகூட ஆகாத, நெல்லையிலிருந்து வந்த ஒரு பெண்ணும். பிறர் எழுதியதை நாங்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகளில், ஒரு பேக்கேஜின் பதிப்பை உயர்த்தினால் வேறு மூன்று உடைகின்றன. நான்கு நாள்களாக அதோடு மல்லுக்கட்டிய அவர், "எனக்குத்தான் ஒண்ணும் தெரியலையோ அண்ணா" என்று கேட்டார். அவர்மீது துளியும் தவறில்லை.

இத்தனை கூத்துக்கும் பின்னால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதன் ஒவ்வொரு பெரும் பதிப்புக்கும் ஐந்தாண்டு ஆதரவு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதால், எப்போது மாறுவது என்று எங்களால் நிதானமாகத் திட்டமிட முடிகிறது. புதியது வேண்டாமென்று நான் சொல்லவில்லை. எத்தனை ஆண்டு ஆதரவு, இருப்பதிலிருந்து எப்படிப் போவது, போனபின் யார் பராமரிப்பது என்ற மூன்றையும் கேட்காமல் தேர்ந்தெடுக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஓசூர் கிடங்கில் நாள் முழுவதும் அந்தத் திரையின் முன்னால் நிற்கும் பெரியவர் இரண்டாண்டுகளாகக் கேட்பது ஒன்றே ஒன்று: பார்கோடு ஸ்டிக்கர் கிழிந்த பெட்டி வந்தால் எண்ணைக் கையால் அடிக்க ஓர் இடம். அரை நாள் வேலை. "புதிய பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் அது தள்ளிப்போகிறது. அந்த எண்களை அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்து மாலையில் படமெடுத்து அனுப்புகிறார். நான் ஒவ்வொன்றாகத் தரவுத்தளத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.