ஒரு சின்னத் திருத்தம்: வேலூரில் 1957லேயே மூளை அறுவைப் பயிற்சி உண்டு

மேலே ஒருவர், "எண்பதுகள் வரைக்கும் மூளை அறுவை மருத்துவம் கற்க இந்தியர்கள் வெளிநாடுதான் போக வேண்டியிருந்தது" என்று எழுதியிருக்கிறார். இது தவறு.

முதல் தலைமுறைக்கு அது உண்மைதான். இந்தியாவின் முன்னோடி மூளை அறுவை மருத்துவர் ஜேக்கப் சாண்டி, கனடாவின் மான்ட்ரியலில் புகழ்பெற்ற மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றார். ஆனால் 1949ல் திரும்பி வந்து, வேலூர் சி.எம்.சி.யில் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை, அதாவது மூளை, நரம்பு அறுவைக்கான துறையைத் தொடங்கினார். அதோடு நிற்கவில்லை. 1957ல் அங்கேயே முறையான சிறப்புப் பயிற்சியையும் தொடங்கிவிட்டார். எனக்கு அவர் செய்த அறுவைகளைவிட இதுதான் பெரிய காரியமாகத் தெரிகிறது. ஒரு மருத்துவர் எத்தனை பேருக்குத்தான் அறுவை செய்ய முடியும்? அவரிடம் பயின்றவர்கள் வேறு ஊர்களுக்குப் போய்த் துறைகளை வளர்த்தார்கள்.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் இன்னொரு மூளை அறுவை மருத்துவரான பி. ராமமூர்த்தி 1950ல் பணியைத் தொடங்கினார். அப்புறம், இந்திய நரம்பியல் சங்கமே 1951ல் சென்னையில்தான் உருவானது. சாண்டி, ராமமூர்த்தி இருவரும் அதன் நிறுவனர்களில் உண்டு.

ஆட்கள் போதவில்லை, இருப்பவர்களும் நகரங்களிலேயே குவிந்திருக்கிறார்கள் என்று மேலே எழுதியவர் சொன்னது சரி. பயிற்சிக் காலமும் நீளம்: எம்.எஸ். (பொது அறுவை மருத்துவ மேற்படிப்பு) முடித்த பிறகு எம்.சி.எச். என்ற சிறப்பு அறுவைப் படிப்புக்கு இன்னும் மூன்று வருடம் ஆகும். ஆனால் எண்பதுகள் வரை இங்கே பயிற்சியே இல்லை என்பது மட்டும் சரியில்லை.