ஒரு ராத்திரி முழுதாகத் தூங்க வேண்டும்

குலசேகரம் பக்கம், ரப்பர் விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, நடுவில் எங்கள் வீடு. 3 வாரமாக ராத்திரி 2 மணி ஆனால் எங்கள் நாய் கறுப்பன் ஆரம்பித்துவிடுகிறான். முதலில் கதவைப் பிறாண்டுவான், அப்புறம் முனகுவான், அப்புறம் அக்கம்பக்கமே எழும் அளவுக்குக் குரைப்பான்.

டார்ச் அடித்துப் பார்த்தால் பலாமரத்தில் மரநாய். சக்கை, அதாவது பலா, பழுக்கும் காலம், அது வரத்தான் செய்யும். அது போய் இவன் கண்ணயர்ந்தால், 4 மணிக்கு ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் தலையில் விளக்கோடு விளைக்குள் நுழைவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். சத்தம் எவ்வளவு கீச்சென்று இருக்கிறது என்பதை அளக்கும் ஹெர்ட்ஸ் கணக்கில் நம் காதுக்கு 20,000தான் எல்லை, நாய்க்கு ஏறக்குறைய 45,000. நமக்குக் கேட்காத எத்தனையோ சத்தம் அவனுக்குக் கேட்கும்.

எனக்கு ஆத்திரம் அவன்மேல் இல்லை. "ரெண்டு அடி போடு, அடங்கிடும்" என்கிறவர்கள்மேல்தான். பயந்த நாய் இன்னும்தான் குரைக்கும்! எங்கள் தப்பும் உண்டு. சத்தம் நிற்கட்டும் என்று மாமியார் எழுந்து பிஸ்கட் போட்டார். குரைத்தால் பிஸ்கட் வரும் என்று அவன் படித்துக்கொண்டான்.

மருத்துவரிடம் காட்டியாயிற்று, நோய் ஒன்றுமில்லை. பிஸ்கட்டை நிறுத்திவிட்டோம். சாப்பாடு 7 மணிக்கே. படுக்கும் முன் ஒருமுறை வெளியே கூட்டிப் போகிறோம். அவன் படுக்கும் சாக்கை முன்திண்ணையிலிருந்து அடுக்களைக்கு மாற்றினோம். நேற்று 4 மணி வரை தூங்கினான்.

சரி, 4 மணி வரை. காலையில் மார்த்தாண்டத்துக்குப் பஸ் பிடித்து, நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள் நான். விடியும்வரை ஒரே ஒரு தூக்கம் போதும் எனக்கு.