உத்திரமேரூரை நிறுவியது ராஜராஜ சோழன் அல்ல

"உத்திரமேரூரை உருவாக்கியவர் ராஜராஜ சோழன், ஆண், பெண் எல்லோருக்கும் அங்கே ஓட்டுரிமை கொடுத்தார்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள இந்த ஊர், 8ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்திலேயே பிரமதேயமாக, அதாவது பிராமணர்களுக்குக் கொடையளிக்கப்பட்ட ஊராக இருந்தது. ராஜராஜன் அரியணை ஏறியது 985இல். ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்லும் புகழ்பெற்ற குடவோலைக் கல்வெட்டுகளோ முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்தவை. அதாவது ஏறத்தாழ 919, 921.

அங்கே நடந்தது வாக்கெடுப்பும் அல்ல. ஊரில் 30 குடும்புகள், இன்றைய வார்டு மாதிரி. தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். தகுதி என்றால் சொந்த மனையில் வீடு, கால் வேலிக்கு (வேலி என்பது ஒரு நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், வேதப் பயிற்சி, 35க்கு மேல் 70க்குள் வயது. பெண்களுக்கும் நிலமற்றவர்களுக்கும் அதில் இடமில்லை. அதே கல்வெட்டு, பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் விலக்கி வைத்தது. எனக்கு அதில் மிகவும் பிடித்த விதி இதுதான். அந்தச் செய்தியில் இது இல்லவே இல்லை.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் அந்த எழுத்துகளைப் பார்க்கலாம். 1898ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஆண்டறிக்கையிலும் பதிவாகியுள்ளன. அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.