நடுகல்லுக்குப் பக்கத்தில் ஒரு பலகை

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த ஒரு நடுகல்லில் நாயின் பெயர் இருக்கிறது. கோவிவன். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போராடி கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்துபோனான். கூட இருந்த கோவிவன் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது. இதை வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் வெட்டி, நாயின் உருவத்தையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கருந்தேவக்கத்தி மன்னன் இல்லை, சிற்றரசர் குடும்பத்தாரிடம் சேவகம் செய்தவன். அவனுக்கும் அவன் நாய்க்கும் கல் நட்ட மண் இது. படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

செங்கம் பக்கம் இப்படி எத்தனையோ கற்கள். சங்க காலத்தில் நன்னன் ஆண்ட செங்கண்மாதான் இன்றைய செங்கம். அவனைப் பாடும் மலைபடுகடாம் என்ற சங்க நூலிலேயே வழியோர நடுகற்கள் வருகின்றன. நாகசாமி இயக்குநராக இருந்தபோது தமிழ்நாடு தொல்லியல் துறை ஊர் ஊராக அலைந்து இவற்றைப் படித்து, 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்று நூலாக வெளியிட்டது. அப்போது இது வட ஆற்காடு மாவட்டம். 1989இல்தான் திருவண்ணாமலை தனி மாவட்டமானது.

அந்த நூலோடு வேலை முடியவில்லை. புதிதாக ஒரு நடுகல்லோ கல்வெட்டோ கிடைத்தது என்று செய்தி வரும்போது, பல தடவை திருவண்ணாமலை மாவட்ட வரலாற்று ஆய்வு நடுவத்தின் பெயரும் சேர்ந்தே வரும். இந்த மாதிரி உள்ளூர் அமைப்புகளை நாம் போதுமான அளவு மதிப்பதில்லை என்பது என் கருத்து.

எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு வேடியப்பன் கல் உண்டு. மாட்டுப்பொங்கலுக்கு ஆயா கையைப் பிடித்துக்கொண்டு போய்க் கற்பூரம் ஏற்றிய கல். எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளும் ஏறி, முகமே தெரியாது. வேட்டைக்காரச் சாமி என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. சில வருஷங்களுக்கு முன் கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்து வந்தோம். பூசாரியிடம் அனுமதி கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போனார். தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் வைத்துப் பொறுமையாகக் கழுவினார். இருட்டிய பிறகு டார்ச்சை ஓரத்திலிருந்து சாய்த்து அடித்தார். பகலில் மொட்டையாகத் தெரிந்த கல்லில் நிழல் விழுந்து வரிவரியாக எழுத்து எழுந்தது. மறுநாள் ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மையை ஒற்றிப் படி எடுத்தார்.

'தொறு மீட்டுப் பட்டான்' என்று படித்துக் காட்டினார். தொறு என்றால் மாட்டு மந்தை. கவர்ந்து போன மாடுகளை மீட்கப் போய் உயிர் விட்டவன். மேலே இரண்டு வரி சிதைந்துவிட்டது, அவன் பெயர் அதோடு போய்விட்டது. மாட்டுப்பொங்கலுக்கு ஏன் அங்கே போகிறோம் என்று ஆயா சொன்னதில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் போவதை அவர் நிறுத்தவே இல்லை.

இந்தக் கற்களையெல்லாம் மியூசியத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். சாலை விரிவாக்கத்தில் பெயர்த்துப் போட்ட கல், கேட்பாரற்றுப் புதரில் கிடக்கும் கல் என்றால் சரி, கட்டாயம் கொண்டுபோகட்டும். தர்மபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களைப் பார்த்திருக்கிறேன், நல்ல விஷயம்தான். ஆனால் விளக்கேற்றிக் கும்பிடும் கல்லைப் பிடுங்கக் கூடாது. இத்தனை நூற்றாண்டாக அதைக் காப்பாற்றியது அந்தக் கும்பிடுதான். அதே பக்தியில் இப்போது எனாமல் பெயிண்ட் அடிக்கிறோம், டைல்ஸ் ஒட்டுகிறோம், பீடம் கட்டுகிறேன் என்று அடி வரிகளை சிமெண்ட்டில் புதைக்கிறோம். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அதனால் நான் கேட்பது ஒரு பலகை. படிக்கப்பட்ட ஒவ்வொரு நடுகல்லுக்கும் பக்கத்தில், கல்லில் உள்ள வரி அப்படியே ஒரு முறை, அதன் பொருள் எளிய தமிழில் ஒரு முறை. அந்த ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரில் இன்னொரு பிரதி. படிப்பதற்கு ஆள் இருக்கிறார்கள், உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் விடுமுறை நாளில்கூட வந்து படித்துக் கொடுப்பார்கள். பலகை வைப்பது ஊராட்சியின் வேலை.

வரும் ஜனவரி 26 கிராம சபையில் எங்கள் ஊருக்காக மனு கொடுக்கப் போகிறேன். பலகையில் வர வேண்டியதையும் எழுதி வைத்துவிட்டேன்: 'இவர் நம் ஊர் மாடுகளை மீட்கப் போய் இறந்தவர். பெயர் அழிந்துவிட்டது. கல்லின் மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள்.'