ஆம்னிட்ரிக்ஸை ஆயுதப் பட்டியலில் சேர்க்காதீர்கள்

நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு பட்டியல் அனுப்பினார். சூப்பர் ஹீரோ கார்ட்டூன்களில் வரும் வேற்றுக்கிரக ஆயுதங்கள், பலத்தின் வரிசைப்படி. முதலிடத்தில் பென் 10 தொடரின் ஆம்னிட்ரிக்ஸ், அதாவது பென் என்ற பையனை விதவிதமான ஏலியன்களாக மாற்றும் கைக்கடிகாரம். இரண்டு பேருக்கும் நரை விழத் தொடங்கிவிட்டது, ஆனாலும் இதற்காக ராத்திரி பதினொன்றரை வரை சண்டை போட்டோம். அப்போது சொல்லி முடிக்காததை இங்கே கொட்டிவிடுகிறேன்.

என் கட்சி இதுதான். ஆம்னிட்ரிக்ஸ் ஆயுதமே இல்லை. கதைக்குள் அதை ஆயுதமாகப் பார்ப்பவன் வில்லன் வில்காக்ஸ். அதை வைத்து ஒரு படை திரட்டிப் பிரபஞ்சத்தை வளைத்துப் போடலாம் என்பது அவன் கணக்கு. “எந்த ஏலியன் எதை அடிக்கும்” என்று நாம் விரல் விட்டு எண்ணும்போது அந்தக் கணக்கைத்தான் தொடர்ந்து போட்டுக்கொண்டிருக்கிறோம்.

2005 டிசம்பரில் வந்த முதல் எபிசோடை மறுபடி போட்டுப் பாருங்கள். கோடை விடுமுறை, மேக்ஸ் தாத்தாவின் வேன், எரிகல் மாதிரி வந்து விழுகிற உருண்டை. பத்து வயதுப் பையன் கையை நீட்டியதும் கடிகாரம் தாவி மணிக்கட்டில் ஒட்டிக்கொள்கிறது, அப்புறம் கழற்ற வரவில்லை. பென் முதலில் ஹீட்பிளாஸ்ட் என்கிற நெருப்பு உருவமாக மாறுகிறான். மாறிய கையோடு செய்த முதல் காரியம், தெரியாத்தனமாகக் காட்டுக்குத் தீ வைத்தது. அவனுடைய உறவுக்காரப் பெண் குவென் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் மேலேயே பீய்ச்சி அடிக்கிறாள். உலகத்தின் மாபெரும் ஆயுதம் அறிமுகமாகிற லட்சணம் இது!

அதன் நடத்தையையும் கவனியுங்கள். நாலு கை பலசாலி ஃபோர் ஆர்ம்ஸ் வேண்டும் என்று தட்டினால் குட்டியூண்டு கிரே மேட்டர் வந்து நிற்கும். சண்டை சூடு பிடிக்கிற நேரத்தில் சிவப்பு விளக்கு மினுக்கி, பீப் பீப் என்று கத்தி, பையனைப் பழையபடி பையனாக்கி நடுத்தெருவில் நிறுத்திவிடும். ஆயுதம் என்றால் பிடித்த கை சொன்னபடி கேட்க வேண்டும். இது கேட்காது. சின்ன வயதில் எனக்கு அதன் மேல் எரிச்சலாக வரும். இப்போது பார்த்தால் மொத்தத் தொடரிலும் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அதுதான்.

கிரே மேட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆம்னிட்ரிக்ஸைச் செய்த அஸ்மத்தும் அதே கால்வன் இனம்தான். உள்ளங்கையில் உட்கார வைக்கலாம், அவ்வளவு உயரம். அந்த உயரத்தில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் அண்ணாந்து பார்த்தே பழகிய ஒருவர் செய்த பொருள் அது. ஒரு இனம் இன்னொரு இனமாக வாழ்ந்து பார்த்தால் புரிதல் வரும் என்பதுதான் அவர் நோக்கம். நாலு கை இருந்தால் எப்படி இருக்கும், கண்ணே இல்லாமல் மோப்பத்தில் ஓடினால் எப்படி இருக்கும் என்று உடம்போடு தெரிந்துகொள்ளும் வழி.

நண்பர் இந்த இடத்தில் மடக்கினார். “அப்போ செல்ஃப் டிஸ்ட்ரக்ட்? பிரபஞ்சத்தையே காலி பண்ணுமே, அது என்ன?” நியாயமான கேள்வி. 2007-ல் வந்த படத்தின் கதையே அதுதான், கடிகாரம் வெடிக்கக் காத்திருக்கிறது, அஸ்மத்தைத் தேடிப் போகிறார்கள். இதற்கு என்னிடம் முழு பதில் இல்லை. சமாதானத்துக்காகச் செய்த பொருளுக்குள் இப்படி ஒரு வெடியை வைத்தவரை என்ன சொல்வது? தன் பொருளைவிடத் தன் பயத்தை அதிகம் நம்பிய ஆள் என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பின்னால் வந்த அல்டிமேட் ஏலியனில் அஸ்மத்தின் பழைய கதை வரும். ஆம்னிட்ரிக்ஸுக்கு முன்னால் அவர் செய்தது அஸ்கலான் என்கிற வாள். அதை வைத்து ஒரு இனத்தார் உள்நாட்டுப் போர் நடத்தி, அவர்கள் உலகமே அழிந்துபோனது. அந்தப் பாவத்தைக் கழுவத்தான் கடிகாரம். ஆக, அஸ்மத் நிஜமாகவே ஒரு ஆயுதம் செய்திருக்கிறார், அதற்குப் பெயர் அஸ்கலான். பட்டியலில் அதை முதலிடத்தில் போட்டிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

தொடரில் உண்மையான ஆயுத வியாபாரமும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. 2008-ல் தொடங்கிய ஏலியன் ஃபோர்ஸில் பென்னின் பழைய எதிரி கெவின் நமக்கு மறுபடி அறிமுகமாவதே கள்ளச்சந்தையில்தான். ஃபாரெவர் நைட்ஸ் கூட்டத்துக்கு லேசர் ஈட்டிகளை விற்றுக்கொண்டிருப்பான். பூமி ‘லெவல் 2’ கிரகம், ‘லெவல் 5’ சரக்கை இங்கே கைமாற்றுவது குற்றம் என்று ப்ளம்பர்கள் என்கிற விண்வெளிப் போலீஸிடம் சட்டமே இருக்கிறது. முதல் தொடரில் மேக்ஸ் தாத்தாவின் பழைய கூட்டாளி ஃபில் இன்னும் ஒரு படி மேலே. நல் வாய்ட் என்கிற வேற்றுலகச் சிறையில் அடைத்து வைத்த ஜந்துக்களை அவரே வெளியே விட்டு, பிடித்துக் கொடுக்கக் கூலியும் கேட்பார். குழந்தைகள் கார்ட்டூனில் இதைவிடத் தெளிவாக ஆயுதத் தரகரைக் காட்ட முடியாது.

சரி, ஆம்னிட்ரிக்ஸ் தன் முழுத் திறமையைக் காட்டிய இடம் எது? என்னைக் கேட்டால் ஹைபிரீட் போரின் முடிவு. ஹைபிரீடுகள் என்கிற வேற்றுக்கிரகவாசிகள் தங்களைத் தூய இனம் என்று நம்புகிறவர்கள். வேறு ரத்தம் கலக்கவே கூடாது என்று உள்ளுக்குள்ளேயே இனம் பெருக்கி, மலடாகி, அழிவின் விளிம்பில் நிற்கிறார்கள். நாங்கள் போவதற்கு முன் எல்லோரையும் முடித்துவிட்டுப் போகிறோம் என்பது அவர்கள் திட்டம். பென் அவர்கள் தலைமையின் நடுவில் போய் நின்றுகொண்டு, பழுதான மரபணுவைச் சரிசெய் என்று கடிகாரத்துக்குக் கட்டளை கொடுக்கிறான். அடி இல்லை, உதை இல்லை. மற்ற இனங்களின் மரபணு கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொருவருக்குள்ளும் கலக்கிறது. நோய் தீர்ந்துவிட்டது, ஆனால் தூய்மை போய்விட்டதே என்று அவர்கள் உயிரை விடத் தயாராகிறார்கள்.

தடுத்துப் பேசுவது ரெய்ன்ராசிக். முன்பு ஒரு பாலைவனக் கிரகத்தில் பென்னோடு மாட்டிக்கொண்ட அதே ஹைபிரீட். அங்கே அவன் இழந்த கையை ஸ்வாம்ப்ஃபயர் வடிவில் பென் முளைக்க வைத்துக் கொடுப்பான். கை கிடைத்ததே என்று அவன் சந்தோஷப்படவில்லை, தீட்டுப் பட்டுவிட்டது என்று ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டான். அந்த ஒரு கை பல எபிசோடுகள் தாண்டி வந்து ஒரு போரை நிறுத்துகிறது. இதைப் பலப் பட்டியலில் எந்த எண்ணில் வைப்பீர்கள்?

அப்புறம் கடிகாரத்தில் இருக்கும் இன்னொரு உருவம், ஏலியன் எக்ஸ். நினைத்தால் நினைத்ததை நடத்தக்கூடிய உருவம், சர்வ சக்தி. ஆனால் ஒரு விரலை அசைக்க வேண்டுமென்றாலும் உள்ளே இருக்கும் கோபக்கார பெலிகஸும் இரக்கக்கார செரீனாவும் ஒத்துப்போக வேண்டும். தீர்மானம் கொண்டுவந்து, வழிமொழிந்து, அப்புறம்தான் காரியம். வெளியே ஜனங்கள் வெள்ளத்தில் போய்க்கொண்டிருக்கிறார்கள், உள்ளே டைனோசர்களைக் காப்பாற்றியிருக்கலாமா என்று இன்னும் வாதம் ஓடுகிறது! கடிகாரத்திலேயே பலசாலியான உருவத்தை ஒரு கமிட்டியாக எழுதிய புண்ணியவானை நான் கும்பிடுகிறேன்.

தொடரைக் குறை சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை. தான் என்ன சொல்ல வந்தோம் என்பதை அது அடிக்கடி மறந்துவிடுகிறது. முக்கால்வாசி எபிசோடுகளில் தட்டு, மாறு, குத்து, அவ்வளவுதான். புது உருவம் வந்தால் அடிப்பதற்கு ஒரு புது வழி என்றுதான் அர்த்தம். அந்த உடம்பில் இருப்பது எப்படி இருக்கும் என்று பென் நிதானமாக யோசித்த காட்சிகளை எண்ணிவிடலாம்.

ஆனால் ஆம்னிட்ரிக்ஸுக்குப் பிறகு பென் கட்டிக்கொண்ட அல்டிமேட்ரிக்ஸ் விஷயத்தில் எழுதியவர்கள் விழித்துக்கொண்டார்கள். இதைச் செய்தது அஸ்மத்தின் பழைய உதவியாளன் ஆல்பிடோ. ஒவ்வொரு இனத்தையும் மிக மோசமான போர்ச் சூழலில் பல லட்சம் வருடங்கள் போட்டு வாட்டினால் எப்படி மாறுமோ, அப்படி மாற்றித் தரும். கடிகாரத்தை நிஜமாகவே ஆயுதமாக்கிய பதிப்பு இது. பென்னும் ஒரு சீசன் ஜாலியாக அடித்து விளையாடினான். பிறகு ஒருநாள் அந்த அல்டிமேட் உருவங்களுக்கே தனி உயிரும் புத்தியும் வந்து, எங்களை வெளியே விடு என்று அவனை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அவற்றை விடுவிக்கத் தன் உயிரையே கொடுக்கத் துணிகிறான். பட்டன் என்று நினைத்துத் தட்டியதெல்லாம் ஆள் என்று அவனுக்கு அப்போதுதான் உறைக்கிறது.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். பாதியில் கொட்டாவி விட்டார். கடைசியில், “சரிப்பா, கடிகாரத்தை எடுத்துட்டு அஸ்கலானைப் போடறேன். இரண்டாவது இடத்துக்கு என்ன?” என்றார். லேசர் ஈட்டி என்றேன். அதெல்லாம் சப்பை ஆயுதமாம், மறுபடி சண்டை தொடங்கிவிட்டது.