கரும்புத் தோகையை எரித்தால் மண்ணுக்கு உரமா?

"வெட்டு முடிந்ததும் தோகைக்குத் தீ வையுங்கள், சாம்பல் உரமாகி மறுதாம்பு (வெட்டிய தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கும் கரும்பு) செழிக்கும்" என்ற தகவல் கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கரும்பு விவசாயிகளிடம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால்தான் பலரும் நம்புகிறார்கள். சாம்பலில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) மிஞ்சும், சரி. ஆனால் தழைச்சத்தின் (நைட்ரஜன்) பெரும்பகுதி புகையோடு போய்விடும். ஒரு டன் காய்ந்த தோகையில் ஏறக்குறைய 400 கிலோ கரிமம் இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் காற்றில்தான் கலக்கும். மண்புழுவுக்கும் நுண்ணுயிர்களுக்கும் இந்தக் கரிமம்தான் சாப்பாடு. அவை மட்கவைத்த பொருள்தான் மண்துகள்களைச் சேர்த்துப் பிடித்து, பெய்யும் மழையை உள்ளே இறங்கவிடுகிறது. நல்ல மண் இப்படி வீணாவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

தோகையை வரிசைகளுக்கு இடையே பரப்பிவிடுங்கள். ஈரம் சீக்கிரம் காயாது, களையும் அடங்கும். மட்கத் தொடங்கும்போது அது மண்ணிலுள்ள தழைச்சத்தைக் கொஞ்ச காலம் இழுத்துக்கொள்ளும். அதனால் சாணக் கரைசலோ சிறிது யூரியாவோ சேர்ப்பது நல்லது.

அப்புறம், செவ்வழுகல் நோய் (கரும்பின் உட்பகுதி சிவந்து அழுகும் பூஞ்சை நோய்) தாக்கிய தூர்களைப் பிடுங்கி எரிப்பது வேறு விஷயம். அதைச் செய்யத்தான் வேண்டும். அந்த வயலில் மறுதாம்பும் விடக் கூடாது.