லாம்ப் சாப் இன்னும் மேடையில்தான் இருக்கிறாள்

"ஷாரி லூயிஸ் இறந்த அன்றோடு லாம்ப் சாப் பொம்மையும் ஓய்ந்துவிட்டது, அதற்குள் வேறு யாரும் கை நுழைக்கவே இல்லை." கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தி நேற்று அனுப்பிய செய்தி இது. உண்மை அதுவல்ல.

உதடு அசைக்காமல் பொம்மையைப் பேசவைத்த அமெரிக்கத் தொலைக்காட்சிக் கலைஞர் ஷாரி 1998 ஆகஸ்டில் காலமானார். 1950களில் அவர் கையில் பேசத் தொடங்கிய அந்தக் காலுறையால் செய்த ஆட்டுக்குட்டிப் பொம்மையை அப்புறம் எடுத்துக்கொண்டவர் மகள் மல்லோரி லூயிஸ். அவரே குரல் கொடுத்து மேடையேறி வருகிறார்.

இப்படி உதடு அசையாமல் பேசும்போது குரல் வயிற்றிலிருந்து வருகிறதாம், அதையும் அந்தச் செய்தியில் எழுதியிருக்கிறார்கள். இல்லை, எல்லாம் தொண்டையும் நாக்கும்தான். கண்ணாடி முன் நின்று, உதடு ஒட்டாமல் 'அம்மா' சொல்லிப் பாருங்கள். 'அன்னா' என்றுதான் வரும். அந்த 'ன'வை நம் காதுக்கு 'ம'வாக்கத்தான் அத்தனை பயிற்சி!